பழைய டர்ன்டேபிள்: தட்டு சுற்றினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருப்பதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே ஒரு படம் போட்டிருந்தீர்களே! பித்தளைக் குழல் வைத்த கிராமபோனில் ஓர் எல்.பி.யை (நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடுகிற வினைல் இசைத்தட்டை) வைத்து, அதன்மேல் இரும்பு ஊசியை இறக்கி விட்டிருக்கிறார்கள். அந்த ஊசியும் அதைப் பிடித்திருக்கிற தலையும் சேர்ந்து நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடுகிற பழைய அரக்குத் தட்டுக்கென்று செய்தது அது. வினைல் தட்டில் ஒரே ஒருமுறை ஓட்டினாலும் போதும், அந்தப் பாட்டு அதோடு சரி. இதைப் பார்த்துவிட்டு யாராவது சுற்றுலா ஊர்க் கடைகளில் கிடைக்கிற, போன மாதம் செய்து இந்த மாதம் ஆன்ட்டிக் ஆகிவிட்ட குழல் பெட்டியை வாங்கி, வீட்டில் பெரியவர்கள் வைத்துவிட்டுப் போன எல்.பி.களை அதில் போட்டுவிடப் போகிறார்களே என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

கட்டுரையில் சொல்லியிருந்த சூட்கேஸ் மாடல் புது பிளேயர்களும் எனக்குச் சரிப்பட்டு வரவில்லை. பார்க்க அழகு, விலையும் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அசைவை மின்சாரமாக்குகிற சிறு பெட்டிதான் கார்ட்ரிட்ஜ்), ஊசி அழுத்தம் 5 கிராம் பக்கம் இருக்கும், கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. நல்ல மேக்னட் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை, இரண்டு கிராமிலேயே வேலையை முடித்துவிடும். போதாக்குறைக்கு ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது, அதன் அதிர்வு ஊசிக்கே திரும்பிப் போகிறது. அதற்குக் கொட்டுகிற பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ செய்த ஒழுங்கான டர்ன்டேபிள், அதாவது தட்டு ஓட்டுகிற மெஷின், ஒன்று பழையதாகக் கிடைக்கும். பார்த்து வாங்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பழையது என்றாலே எல்லோரும் டெக்னிக்ஸ் எஸ்.எல்.-1200 தான் கேட்கிறார்கள். அருமையான மெஷின், மறுப்பே இல்லை. 1972-ல் வந்தது, 1979-ல் வந்த மார்க் 2 உலகம் முழுக்க டி.ஜே.க்கள் கையில் உழைத்தது, 2010-ல் நிறுத்தி 2016-ல் மறுபடியும் செய்ய ஆரம்பித்தார்கள். அந்தப் பெயருக்கே ஒரு விலை உண்டு, அதை நாம் ஏன் கொடுக்க வேண்டும்? வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிற நமக்கு அதே டெக்னிக்ஸின் எஸ்.எல்.-பி, எஸ்.எல்.-டி வரிசையில் ஒன்றோ, பயோனீர் பி.எல்.-12டியோ, நல்ல நிலையில் இருக்கிற டூயல் கம்பெனி மெஷின் ஒன்றோ தாராளமாகப் போதும். மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகச் சுற்றுகிற பெல்ட் மெஷினா, மோட்டாரே நேராகச் சுற்றுகிற டைரக்ட் டிரைவா என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிடலாம். பெல்ட் மெஷினில் கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை, பெல்ட் இளகியிருந்தால் வேறு மாற்றிக்கொள்ளலாம், சில்லறைச் செலவு. டைரக்ட் டிரைவ் ஓடுகிறவரை ராஜா, உள்ளே இருக்கிற ஐ.சி. (மோட்டாரைக் கட்டுப்படுத்துகிற சில்லு) போனால் அதே ஐ.சி. கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. என்னைக் கேட்டால் கையில் காசு குறைவு என்கிறவருக்கு பெல்ட்.

கம்பெனிப் பெயரையும் பளபளப்பான மரப் பெட்டியையும் பார்த்து மயங்காமல் முதலில் பார்க்க வேண்டியது ஊசியைத் தாங்குகிற கையை, அதாவது டோன் ஆர்மை. பின்னால் இருக்கிற எடையைத் திருகித் திருகி, ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் அந்தரத்தில் மிதக்கிற நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆன்ட்டி-ஸ்கேட் (ஆர்ம் உள்பக்கமாக இழுபடாமல் தடுக்கிற அமைப்பு) சுழியத்தில் இருக்கட்டும். இப்போது அதை லேசாக ஊதினால் தயங்காமல் நகர வேண்டும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரி. எங்கேயாவது ஓர் இடத்தில் நின்று யோசித்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் கார்ட்ரிட்ஜ் மாட்டியிருக்கிற தலையை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் தெரியக் கூடாது. பெல்ட் மாற்றலாம், ஊசி மாற்றலாம், மூடி உடைந்திருந்தால் அக்ரிலிக்கில் புதிதாகச் செய்துகொள்ளலாம். ஆர்ம் பேரிங் போன மெஷினை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டாவது ஊசி. விற்கிறவர் 'ஊசி புதுசு சார்' என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை, பல பேருக்கு நிஜமாகவே தெரியாது. வைர முனை ஊசி சாதாரணமாக 500 முதல் 1,000 மணி நேரம் வரை உழைக்கும் என்பார்கள், இதற்குமுன் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதை யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? ஓர் எல்.பி.யின் ஒரு பக்கம் ஓடி முடிப்பதற்குள் அந்த முனை பள்ளத்துக்குள் கிட்டத்தட்ட 400 மீட்டர் உரசிக்கொண்டே போகிறது. ஆகவே பழைய மெஷினில் இருக்கிற ஊசி தேய்ந்ததுதான் என்றே வைத்துக்கொண்டு பேரம் பேசுங்கள். கையில் 15,000 ரூபாய் இருந்தால் 5,000 ரூபாயை ஊசிக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு மெஷின் தேடுங்கள். இதைச் சொன்னால் பல பேருக்கு ஏமாற்றமாக இருக்கிறது, பத்தாயிரத்துக்கு மெஷின், ஐயாயிரத்துக்குக் குண்டூசித் தலை அளவுகூட இல்லாத ஒன்றா என்கிறார்கள். தட்டைத் தொடுவது அது ஒன்றுதானே.

வாங்குவதற்குமுன் கார்ட்ரிட்ஜ் எப்படி மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். அரை அங்குல இடைவெளியில் இரண்டு சிறு திருகு போட்டு மாட்டுகிற வகையாக இருந்தால் இன்றைக்கும் எந்த கார்ட்ரிட்ஜ் வேண்டுமானாலும் போடலாம். எண்பதுகளில் வந்த சில மெஷின்களில் நான்கு பின் வைத்த கார்ட்ரிட்ஜை அப்படியே செருகி ஒரே ஒரு திருகு போடுவார்கள், பி-மவுன்ட் என்று பெயர். அதற்கும் கிடைக்கிறது, ஆனால் தேர்ந்தெடுக்க அதிகம் இருக்காது.

மூன்றாவது வேகம், இதில்தான் நம் ஊரில் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினில் 120 வோல்ட் என்றோ 100 வோல்ட் என்றோ போட்டிருக்கும். விற்கிறவர் ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரைச் சேர்த்துக் கொடுத்து 'இனி ஒரு பிரச்சினையும் இல்லை' என்பார். வோல்ட் பிரச்சினை தீரும். ஆனால் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 அலை, அமெரிக்காவில் 60. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பெல்ட் மெஷினாக இருந்தால் அதன் வேகத்தைத் தீர்மானிப்பதே அந்த ஹெர்ட்ஸ்தான், டிரான்ஸ்ஃபார்மர் அதைத் தொடாது. 60-க்குச் செய்த மெஷின் இங்கே நிமிடத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதில் 28-க்கும் சற்றுக் குறைவாகத்தான் சுற்றும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவார், அதுவும் தூக்கக் கலக்கத்தில். 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி (பெல்ட்டை மாட்டுகிற சிறு சக்கரம்) போட்டால் சரியாகிவிடும், அந்த மாடலுக்கு அது கிடைக்குமா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிட வேண்டும். டைரக்ட் டிரைவிலும் டி.சி. மோட்டார் வைத்த மெஷின்களிலும் இந்தத் தொல்லை இல்லை, அவற்றுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போதும்.

வேகத்தைச் சரிபார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். தட்டின் ஓரத்தில் துண்டுக் காகிதம் ஒன்றை ஒட்டி, கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணுங்கள், மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். பிளாட்டரின் (தட்டை வைக்கிற சுழல்வட்டின்) விளிம்பில் புள்ளி வரிசைகள் இருந்து பக்கத்தில் சிறு விளக்கும் எரிந்தால் அந்த வெளிச்சத்தில் 33-க்கான புள்ளிகள் நிற்கிற மாதிரி தெரிய வேண்டும், 50, 60 என்று இரண்டு வரிசை இருந்தால் 50-ஐப் பாருங்கள். விளக்கு ஃபியூஸ் போயிருந்தால் பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்திலும் தெரியும், எல்.இ.டி. பல்பை நம்ப வேண்டாம்.

எண்ணிக்கை சரியாக வந்தும் உள்ளே ஆட்டம் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்கள் வீட்டிலிருந்தே ஓர் எல்.பி. எடுத்துக்கொண்டு போங்கள், ஆலாபனை நிதானமாகப் போகிறதாக, பின்னால் தம்புரா தெளிவாகக் கேட்கிறதாக இருக்கட்டும். பாடகரை விட்டுவிட்டுத் தம்புராவை மட்டும் கவனியுங்கள். ஷட்ஜம் ஆணி அடித்தாற்போல நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை லேசாக அலைந்தால் ஒன்று தட்டின் நடு ஓட்டை சற்று விலகியிருக்கிறது, இல்லையென்றால் மெஷினில் கோளாறு. வேறொரு தட்டைப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். நாதஸ்வரமும் வீணையும்கூட இதற்கு நல்ல சாட்சி. தவில் தனியாவர்த்தனத்தையோ சினிமாப் பாட்டையோ போட்டுக் காட்டினால் இந்தக் குறை காதில் விழாது. அதையும் கேளுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

இன்னொன்று. முதல் பாட்டைக் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. லேபிளுக்கு ஒட்டினாற்போல இருக்கிற கடைசிப் பாட்டைக் கட்டாயம் கேளுங்கள். உள்ளே போகப் போகப் பள்ளத்தின் வட்டம் சுருங்குகிறது, அதே ஒரு விநாடி இசையைக் குறைந்த நீளத்தில் அடைத்திருக்கிறார்கள். தேய்ந்த ஊசியும் கோணல் மாணலாக மாட்டிய கார்ட்ரிட்ஜும் அங்கேதான் அகப்பட்டுக்கொள்ளும், 'ச', 'ஸ' எல்லாம் எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி கேட்கும். உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்க இருபது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் தர முடியாது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். விளம்பரத்தில் 'நல்ல ஓட்டத்தில் உள்ளது' என்று போடுகிறவர்களில் பாதிப் பேர் பிளக்கைச் செருகித் தட்டு சுற்றுகிறதா என்று பார்த்ததோடு சரி.

எச்.எம்.வி.யின் பழைய ஃபியஸ்டா, காலிப்ஸோ ரெக்கார்ட் பிளேயர்கள் பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் பாட்டு வந்ததே அவற்றிலிருந்துதான், ஆகவே அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனாலும் அவை கனமாக அழுத்துகிற வகை, உள்ளே ரப்பர் எல்லாம் இத்தனை வருடத்தில் இறுகிப் போயிருக்கும். ஞாபகத்துக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சேதமாகாத எல்.பி.களை அதில் தினமும் ஓட்ட வேண்டாம். வீட்டில் 78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. டெக்னிக்ஸ், பயோனீர் மெஷின்களில் பெரும்பாலானவற்றில் 78 வேகமே கிடையாது, 33-ம் 45-ம்தான். பழைய லென்கோ, கேரார்ட், சில டூயல் மாடல்களில் இருக்கும். வேகம் மட்டும் இருந்தால் ஆகாது, 78-க்கு அகலமான முனை வைத்த தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியின் முனை அதில் நாலில் ஒரு பங்கு அளவுதான், அரக்குத் தட்டின் பள்ளத்தில் அடிமட்டத்துக்குப் போய் குப்பையை எல்லாம் வாரிக்கொண்டு இரைச்சலாகக் கொடுக்கும்.

மெஷினை வாங்கி வந்து ஆம்பிளிஃபயரில் செருகியதும் சத்தமே வரவில்லை, வந்தாலும் ஈனமாக வருகிறது என்று பதறுகிறவர்களும் உண்டு. கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். தட்டை வெட்டும்போதே கீழ் ஸ்தாயியைக் குறைத்து மேல் ஸ்தாயியைக் கூட்டித்தான் வெட்டுகிறார்கள், அதைத் திருப்பிச் சரிசெய்து பெரிதாக்க ஃபோனோ பிரீ-ஆம்ப் ஒன்று நடுவில் வேண்டும். பழைய ஆம்பிளிஃபயரின் பின்னால் 'ஃபோனோ' என்று எழுதியிருந்தால் அந்தச் செலவு மிச்சம். ஹம் என்று இரைந்தால் தனியாகத் தொங்குகிற எர்த் கம்பியை ஆம்பிளிஃபயரின் திருகில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள், பத்துக்கு ஒன்பது முறை அதுதான்.

எங்கே கிடைக்கும் என்று கேட்டால் ஒரே இடத்தைக் காட்ட முடியவில்லை. சென்னையில் மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துபோகும்வரை பழைய பொருளுக்கெல்லாம் அதுதான் விலாசம். அங்கிருந்தவர்களில் பலர் பிறகு பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்கு மாறினார்கள். ஆம்பிளிஃபயர் சாமான், ஒயர், கனெக்டருக்கு ரிச்சி தெரு இருக்கிறது. மெஷின் இப்போது பெரும்பாலும் கைப்பேசி விளம்பரங்களில், தனி ஆட்களிடம்தான் அகப்படுகிறது. வெளியூரிலிருந்து பார்சலில் வாங்குவதை மட்டும் முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். வேறு வழியில்லை என்றால் பணம் அனுப்புவதற்குமுன் விற்பவரிடம் சொல்லுங்கள்: பின்பக்க எடையைக் கழற்றித் தனியாகச் சுற்ற வேண்டும், பிளாட்டரையும் கழற்றித் தனியாக வைக்க வேண்டும், ஆர்மை அதன் தாங்கியோடு சேர்த்து நாடாவால் கட்ட வேண்டும், ஊசிக்கு மூடி போட வேண்டும் அல்லது ஊசியையே உருவிவிட வேண்டும், மெஷினின் மேல்மூடியை மேலே வைத்து அழுத்திக் கட்டக் கூடாது. இதையெல்லாம் செய்துவிட்டுப் பெட்டியை ஒட்டுவதற்குமுன் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் பஸ் பிடித்துப் போய் நீங்களே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், டிக்கெட் செலவு ஓர் ஆர்ம் விலையைவிடக் குறைவு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை