ரோபோ அப்புறம் சார், முதலில் டிராலியை எண்ணச் சொல்லுங்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாலிடெக்னிக், இன்ஜினியரிங் கல்லூரிகளின் மெக்கானிக்கல் துறை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மண்டபத்துக்காரன். ஒரகடம் பக்கம் ஒரு கார் தொழிற்சாலையில் லாஜிஸ்டிக்ஸ் பிளானிங்கில் இருக்கிறேன். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்டர்வியூவுக்குக் கொண்டுவரும் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் ஒரே ப்ராஜெக்ட்: கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓடும் குட்டி வண்டி. கிட் வாங்கி, சென்சார் பொருத்தி, ப்ரோகிராமை ஏற்றி, வைவாவில் ஓட்டிக் காட்டியாயிற்று. சரி தம்பி, இந்த வண்டி எதை, எங்கிருந்து, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை கொண்டுபோகும் என்று கேட்டால் முழிக்கிறான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் அவனிடம் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆளில்லாமல் ஓடும் வண்டி ஒன்றும் புதுசில்லை சார். 1950-களிலேயே அமெரிக்காவில் கம்பி வழியைப் பின்பற்றி ஓடும் வண்டி வந்துவிட்டது. ஸ்வீடனில் வோல்வோ 1974-ல் திறந்த கல்மார் ஆலையில் கார் பாடியையே அப்படிப்பட்ட வண்டிகளில் ஏற்றித்தான் நகர்த்தினார்கள். இன்றைக்குக் காசு இருந்தால் ஏஜிவி என்கிற இந்த ஆளில்லா வண்டியை யாரும் வாங்கலாம். எத்தனை வண்டி, எந்த வழி, காலி டிராலி எப்படித் திரும்பி வரும், இதையெல்லாம் யாரும் பெட்டியில் போட்டு விற்பதில்லை. உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

கணக்கும் பெரிய கணக்கில்லை. காரைப் பூட்டும் அசெம்பிளி லைனிலிருந்து மணிக்கு 60 கார் வெளியே வருகிறது என்று வையுங்கள், நிமிஷத்துக்கு ஒன்று, ஒரு காருக்கும் அடுத்த காருக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளிதான் டாக்ட் டைம். காருக்கு 4 சக்கரம், ஸ்டெப்னியை விட்டுவிடுவோம், மணிக்கு 240. டிராலிக்கு 20 சக்கரம் என்றால் மணிக்கு 12 டிராலி, அதாவது 5 நிமிஷத்துக்கு ஒரு டிராலி லைன் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வண்டி ஸ்டோர்ஸில் டிராலியை மாட்டி, லைனில் விட்டு, காலி டிராலியை இழுத்துக்கொண்டு திரும்ப 12 நிமிஷம் ஆனால், 12-ஐ 5-ஆல் வகுக்க 2.4, ஆகவே 3 வண்டி. சக்கரம் வைக்கும் இடத்தை லைனுக்குக் கிட்டே நகர்த்தி அந்தச் சுற்றை 9 நிமிஷமாக்கினால் 1.8, பேப்பரில் 2 வண்டி போதும். பேப்பரில்தான். ஷாப் ஃப்ளோரில் ஒரு வண்டி சார்ஜுக்கு ஒதுங்கும், குறுக்கே ஃபோர்க்லிஃப்ட் நிற்கும், யாரோ ஒரு பாலெட்டை வழியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார், ஸ்கேனர் அதைப் பார்த்ததும் வண்டி அங்கேயே நின்றுவிடும், பின்னால் வருவதும் நிற்கும். ஒற்றை வண்டி மட்டும் போகக்கூடிய சந்து இருந்தால், பாம்பனில் தூக்குப்பாலம் ஏறியிருக்கும்போது ரயில் காத்திருக்கிற மாதிரி ஒன்று வெளியே காத்திருந்துதான் ஆக வேண்டும். இந்தக் காத்திருப்பை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 9 நிமிஷம் 11 ஆகிவிடலாம், அப்போது மறுபடி 3 வண்டி. இந்த இடத்தில்தான் திட்டம் போடுகிறவரின் மூளைக்கு வேலை. சக்கரமாவது எந்தக் காருக்கும் ஓரளவு பொதுவானது, சீட், பம்பர் எல்லாம் கார் வருகிற வரிசையிலேயே வர வேண்டும், பெயின்ட் ஷாப்பில் ஒரு பாடி குறை சரிசெய்ய ரீவொர்க்குக்குப் போனால் வரிசையே கலைந்துவிடும். அது தனிக் கதை.

இதைக் கற்க ஒரகடம் வரத் தேவையில்லை. விசைப்படகுகள் கரை திரும்பும் காலையில் நாலு பிள்ளைகளை ராமேஸ்வரத்துக்கோ மண்டபத்துக்கோ மூக்கையூருக்கோ அனுப்புங்கள். கையில் ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு, போதும். படகிலிருந்து கூடை இறங்குகிறது, ரகம் பிரிக்கிறார்கள், எடை, ஏலம், ஐஸ் போட்டுப் பெட்டியில் அடுக்குவது, வண்டியில் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் கூடை எத்தனை நிமிஷம் சும்மா கிடக்கிறது, சுமக்கிறவர் எத்தனை அடி நடக்கிறார், ஐஸ் எப்போது வந்து சேர்கிறது என்று எழுதட்டும். நிமிஷத்துக்கு 4 கூடை இறங்கி, ஒரு கூடை சராசரியாக 15 நிமிஷம் கிடந்தால், தளத்தில் எப்போதும் 60 கூடை இருக்கும். வருகிற வேகத்தைக் கிடக்கிற நேரத்தால் பெருக்கினால் தேங்கியிருக்கும் எண்ணிக்கை, அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் நிரூபித்துக் காட்டிய விதி இது. லைன் ஓரத்தில் எத்தனை டிராலிக்கு இடம் விடலாம் என்று பார்க்க எங்களுக்கும் இதுதான் கைகொடுக்கிறது. அப்புறம், அங்கே மீன் பிரிக்கிற அக்காக்களிடம் பேசச் சொல்லுங்கள். எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆலையிலும் டிராலிகளை இழுக்கும் டோ டிரக் ஓட்டுகிறவரைக் கேட்காமல் வரைந்த வழித்தடம் ஒழுங்காக ஓடியதில்லை.

அங்கே போய் ரோபோ விடுங்கள் என்று நான் சொல்லவில்லை, யாருடைய பிழைப்பிலும் கை வைக்கும் யோசனையும் இல்லை. இங்கே ஏஜிவி தேவையே இல்லை, ஐஸ் பெட்டியை இருபது அடி தள்ளி வைத்தால் போதும் என்று கணக்கோடு ஒரு பிள்ளை எழுதிக் கொண்டுவந்தால் அதுவும் முழு மார்க் ப்ராஜெக்ட்தான். அப்படி ஒருவர் இன்டர்வியூவுக்கு வந்தால் முதலில் எடுக்கச் சொல்லி நானே மல்லுக்கு நிற்பேன்.

லேப் வசதி இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சிமுலேஷன் மென்பொருள் எல்லாம் வேலைக்கு வந்த பிறகு பழகிக்கொள்ளலாம், இதற்கு எக்செல் போதும். பொங்கலுக்கு நான் ஊரில்தான் இருப்பேன், எப்படி அளப்பது என்று ஒரு மத்தியானம் வந்து சொல்லித் தருகிறேன். ஆனால் ப்ராஜெக்ட் ரிவியூ நெருங்கட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, அளக்கப் போனால் வெறும் தளம்தான் இருக்கும்.