பச்சை முத்திரையா, சிவப்பா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வீடியோ கேம் இளைஞர்களின் யோசிக்கும் புத்தியை மழுங்கடிக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தார்கள். நான் மனு சரிபார்த்துச் சரிபார்த்தே ஓய்வுபெற்ற அரசு ஊழியன். தத்துவத்தைச் சாதாரண ஜனங்களிடம் கொண்டுபோக மேடைப்பேச்சைவிட ஒரு நல்ல கேம் மேல் என்பது என் கட்சி.

'பேப்பர்ஸ், ப்ளீஸ்' என்று ஒன்று. லூகாஸ் போப் 2013-ல் வெளியிட்டது. கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நாம்தான் பாஸ்போர்ட் பார்க்கும் குமாஸ்தா. தலைக்கு இவ்வளவு என்று கூலி. தப்பாக முத்திரை குத்தினால் முதலில் எச்சரிக்கை, அப்புறம் அபராதம். அந்தக் காசில்தான் வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம். ஒருவன் வருகிறான், காகிதங்கள் சரி. பின்னாலேயே வரும் அவன் மனைவியிடம் அனுமதிச் சீட்டு இல்லை. உள்ளே விடும் பச்சையா, தடுக்கும் சிவப்பா?

கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அவளுக்குப் பச்சை முத்திரை குத்தினாள். அதே குறையோடு வந்த இன்னொருவனுக்குச் சிவப்பு. ஏனம்மா என்றேன். "அவன் கெஞ்சலையே தாத்தா!" கெஞ்சத் தெரிந்தவனுக்கு ஒரு நீதியா என்று தொடங்கிய வாக்குவாதம் சோறு ஆறும்வரை ஓயவில்லை. அலுவலக ஜன்னலில் நான் தினமும் பார்த்த சங்கதி இது. அங்கே இதைப் பேச யாருக்கு நேரம்?

விளையாட்டில் தத்துவம் நமக்குப் புதிதில்லை. கோட்டை அழகிரிநாதர் கோயில் சொர்க்கவாசல் திறப்புக்காகக் கண்விழிக்கிற ராத்திரியில் பரமபதம் ஆடியவர்கள்தானே நாம்! ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆனால் காய் நகர்வது தாயம் விழுந்தபடி. பாம்பு கடித்தால் ஆடியவர் பொறுப்பில்லை. சாவடியில் முத்திரை குத்துவது நம் கை.

எல்லா கேமுக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. 2007-ல் வந்த 'பயோஷாக்', சுயநலத்தையே அறமாகக் கொண்ட கடலடி நகரம் சீரழிந்ததைக் காட்டுகிறது. விஷயம் பெரிது, துப்பாக்கிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

தனியே ஆடினால் எதுவும் வெறும் பொழுதுபோக்குத்தான். சேலம் மாவட்ட மைய நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை இதற்கு இடம் கொடுக்கலாம். ஒரு கணினி, ஒரு புரொஜெக்டர் போதும். ஒருவர் ஆடட்டும், கூடியிருப்பவர்கள் "ஏன் விட்டாய், ஏன் தடுத்தாய்" என்று குடையட்டும். தத்துவப் பேராசிரியர் ஒருவரையும் அழைக்கலாம், முதல் ஒரு மணி நேரம் வாய் திறப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டால்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்மாபேட்டை, சேலம்.