தொலைநோக்கித் திருப்பணி நிறைவு அறிக்கை: பாலிக் புலாவ், பினாங்கு

அன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் மன்றத்தின் 10 அங்குல நியூட்டன் வகைத் தொலைநோக்கி டுரியான் தோட்டத்து மேட்டில் நிலைபெற்றுவிட்டது. குழாய், நகரும் கூரை, மின்னிணைப்பு யாவும் மதிப்பீட்டுக்குள் முடிந்தன.

ஆனால் மொத்த மதிப்பீடு 24,000 ரிங்கிட், மொத்தச் செலவு 27,150. மிகுதிப்பட்ட 3,150 ரிங்கிட்டும் ஆறு மாதத் தாமதமும் முதன்மை ஆடியால், அதாவது ஒளியைத் திரட்டிக் குவிக்கும் பெரிய கண்ணாடியால் வந்தவை. "பளபளவென்று வந்த கண்ணாடியை ஏன் திருப்பி அனுப்பினீர்கள்?" என்று பொதுக்கூட்டத்தில் கேட்டவர்களுக்குச் செயற்குழு பதில் சொல்லியாக வேண்டும்.

பளபளப்பு வேறு, வடிவம் வேறு. பச்சை ஒளியின் அலைநீளம் சுமார் 550 நானோமீட்டர். ஆடியின் மேடு பள்ளம் அதில் எட்டில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 69 நானோமீட்டரைத் தாண்டினால், எதிரொளிப்பில் பிழை இரட்டித்துப் படம் கெடத் தொடங்கும். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ அறிய முடியாது, விண்மீன்தான் காட்டிக்கொடுக்கும்.

பிப்ரவரியில் புரோசியான் விண்மீனைப் பார்த்தோம். நல்ல ஆடியென்றால், கண்ணருகு வில்லையைக் குவியத்துக்கு, அதாவது படம் கூர்மையாக விழும் இடத்துக்கு, உள்ளே நகர்த்தினாலும் வெளியே நகர்த்தினாலும் ஒளி வட்டமாகவே தெரிய வேண்டும். எங்களுக்கோ உள்ளே நகர்த்தினால் ஒளிவட்டம் படுத்த முட்டை. வெளியே நகர்த்தினால் நிமிர்ந்த முட்டை. ஆடி செய்த வெளிநாட்டுப் பட்டறைக்கு எழுதினோம். ஆடியில் குறையில்லை, உங்கள் தாங்கிதான் அதை நெரிக்கிறது, உங்கள் ஊர் வெப்பமும் காரணம் என்று பதில் வந்தது. அப்படியும் இருக்கலாம் என்பதால் மறுபடி சோதித்தோம்.

தாங்கியில் ஆடியைப் பற்றியிருக்கும் பிடிகளைத் தளர்த்தி ஒரு காகிதம் நுழையும் அளவு இடைவெளி விட்டோம். மின்விசிறி வைத்து மூன்று மணி நேரம் ஆடியை ஆறவிட்டோம். பினாங்கின் அட்சரேகை 5 பாகை. புரோசியானும் வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ அதே அளவில் இருப்பதால் நம் தலைக்கு நேர் மேலே வருகிறது. அப்போது ஆடி மல்லாந்து கிடப்பதால் பக்கப் பிடிகளின் மேல் எடை விழாது. அந்த வேளைக்காகவே காத்திருந்தோம். ஆடியின் விளிம்பில் பென்சில் கோடிட்டு, தாங்கியை அசைக்காமல் ஆடியை மட்டும் 90 பாகை திருப்பினோம். குறை தாங்கியிலோ பார்ப்பவர் கண்ணிலோ இருந்தால் முட்டை முன்பு கிடந்தபடியே கிடக்க வேண்டும். படுத்திருந்த முட்டை எழுந்து நின்றது. மூன்று இரவுகள் செய்தோம், மூன்றிலும் அதுவே. கேமராவில் பதிவுசெய்து அனுப்பினோம்.

அதன் பிறகும் ஐந்து வாரம் இழுத்தடித்தார்கள். கடிதம் எழுதி எழுதிச் செயலாளர் களைத்துப்போனார் என்பதை மறைக்க விரும்பவில்லை. கடைசியில் மறுமெருகுச் செலவில் பாதியை அவர்கள் ஏற்றார்கள். நம் பங்கு 1,900 ரிங்கிட், அலுமினியப் பூச்சு 780, சரக்குக் கட்டணம் 470. முழுத் தொகையையும் வாங்கியிருக்க வேண்டும் என்பவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் வழக்கு என்று போயிருந்தால் ஆடி இன்றும் அங்கேதான் கிடந்திருக்கும்.

ஆகஸ்டில் ஆடி திரும்பியது. உச்சிக்கு அருகே வந்த திருவோண விண்மீனைப் பார்த்தோம். உள்ளேயும் வெளியேயும் ஒரே வட்டம். யாரும் பேசவில்லை, பொருளாளர் மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தொலைநோக்கி சுழலும் அச்சைச் சீரமைக்க வழக்கமாக உதவும் துருவ விண்மீன் இங்கே மரங்களுக்குப் பின்னால் மறைவதால், மற்ற விண்மீன்களின் நகர்வைக் கொண்டே சீரமைத்தோம்.

கூடுதல் செலவைத் தாங்கியவர்கள்: சுங்கை ஆரா மருந்துக்கடை உரிமையாளர், பட்டர்வொர்த் லாரி உரிமையாளர், புக்கிட் மெர்தாஜாம் தமிழாசிரியைகள் மூவர், பிறை தொழிற்சாலை நண்பர்கள், உண்டியலை உடைத்துக் கொடுத்த நான்காம் ஆண்டு மாணவி. இடம் தந்த தோட்டக்காரர் வாடகை வாங்க மறுத்துவிட்டார். எல்லாப் பெயர்களும் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

ரசீதுகள், கடிதங்கள், இரண்டு சோதனைகளின் படங்கள் அனைத்தும் பொருளாளரிடம் இருக்கின்றன. எந்த உறுப்பினரும் ஞாயிறு காலை வந்து பார்க்கலாம்.

செயற்குழு