கோபுரம் தெரிய வேண்டுமானால் மாடி உயரக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் மொட்டைமாடி உணவகங்கள் பெருகிவருகின்றன. வரவேற்க வேண்டிய விஷயம். கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக 2018 முதல் தடை இருப்பதால், வெளியூர்க்காரர்கள் கோபுரங்களை ஆற அமரப் பார்க்கவும் படம் எடுக்கவும் மாடிகளைத்தான் தேடி வருகிறார்கள். இதையொட்டியே, கோயிலிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் எந்தக் கட்டடமும் 9 மீட்டருக்கு மேல் எழக் கூடாது என்ற 1997ஆம் ஆண்டு அரசாணையைத் தளர்த்த வேண்டும் என்ற பேச்சும் அவ்வப்போது கிளம்புகிறது. இன்னொரு மாடி கட்ட விட்டால் காட்சி இன்னும் நன்றாக இருக்குமே என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் நேர்மாறாகத்தான் வருகிறது.

மேலப்பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் ஒரு மாடியை எடுத்துக்கொள்வோம். மேற்குக் கோபுரம் அங்கிருந்து ஏறத்தாழ அரை கிலோமீட்டர். ராஜகோபுரங்கள் நான்கும் 150 அடியைத் தாண்டியவை, அதாவது 46 மீட்டர். மாடித் தளம் 9 மீட்டரில் இருந்தால், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து 10.2 மீட்டரில் இருக்கும். கோபுர உச்சி அந்தக் கண்ணுக்கு மேல் 36 மீட்டர். கேட்க நிறையத் தோன்றும். ஆனால் 500 மீட்டர் தள்ளி இருக்கும் 36 மீட்டர், 10 மீட்டர் தள்ளி இருக்கும் 72 சென்டிமீட்டருக்குச் சமம். எதிர்ச்சாரிக் கட்டடத்தில் உங்கள் கண்மட்டத்துக்கு மேல் முக்கால் மீட்டர் உயரத்துக்கு ஏதாவது எழுந்தால் போதும், ஒன்பது நிலைக் கோபுரம் கலசம் வரை மறைந்துவிடும்.

எதிர்க் கட்டடமும் 9 மீட்டரில் நின்றால் அதன் கைப்பிடிச்சுவர் தொந்தரவு செய்யாது. ஸ்டாண்டின் மேல் ஏற்றிய தண்ணீர்த்தொட்டியும் 2.4 மீட்டர் உயரப் படிக்கட்டு அறையும் மறைக்கும். அது சமாளிக்கக்கூடியது, மேசையை இரண்டு மூன்று மீட்டர் நகர்த்தினால் கோபுரம் திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் எதிர்ச்சாரியில் முழுதாக ஒரு மாடி, அதாவது 3 மீட்டர் கூடினால் எங்கே நகர்ந்தும் பயனில்லை. விதியைத் தளர்த்தினால் ஒருவருக்கு மட்டும் தளராது. நீங்கள் ஒரு மாடி ஏற்றினால் பின்னால் இருப்பவருக்குக் காட்சி போகும், அவர் இரண்டு ஏற்றுவார். எல்லாரும் ஏறி முடித்த பிறகு, கோபுரத்துக்கு ஒட்டி நிற்கும் முதல் வரிசைக் கட்டடங்கள் மட்டுமே அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். மாடி உணவகம் நடத்துகிறவர்கள்தான் இந்த அரசாணைக்கு முதல் காவலர்களாக இருக்க வேண்டும். அவர்கள் விற்கும் பொருளை அதுதான் காப்பாற்றுகிறது. விதி வருவதற்கு முன்பே எழுந்த உயரமான விடுதிகள் சில உண்டு. அவற்றைக் காட்டி எல்லாருக்கும் உயரம் கேட்பது தங்கள் தலையிலேயே கைவைத்துக்கொள்வதாகும்.

எந்தப் பக்கத்து மாடி என்பதும் முக்கியம். மாலையில் உட்காருவதானால் கோயிலுக்கு மேற்கே இருக்கும் மாடிதான் சிறந்தது. வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்து கோபுரங்களின் மேற்கு முகத்தில் விழும். சுதைச் சிற்பங்களின் நிறமும் மேடுபள்ளமும் தனித்தனியாகத் தெரியும். ஜூனில் சூரியன் வடமேற்கே சாய்வதால் கோபுரங்களின் வடபக்கமும் ஒளி வாங்கும், டிசம்பரில் தென்பக்கம். கிழக்கே இருக்கும் மாடிகளுக்கு மாலையில் கோபுரம் கறுத்த உருவமாகத்தான் தெரியும். காலை டிபனுக்கு அங்கே போவது நல்லது.

மேற்கு வாசலுக்கு நேர் எதிரே உட்கார்ந்தால் கிழக்குக் கோபுரம் மேற்குக் கோபுரத்தின் பின்னால் ஒளிந்துகொள்ளும். வீதியில் சற்று வடக்கோ தெற்கோ தள்ளிய மாடியில்தான் நான்கும் பிரிந்து நிற்கும். நான்கில் உயரமானது வலப்புறம் தெரியும் தெற்குக் கோபுரம். சிற்பங்கள் குறைந்து இடப்புறம் தெரிவது வடக்குக் கோபுரம்; நெடுங்காலம் மேல்பகுதி முடிக்கப்படாமல் கிடந்ததால் மொட்டைக் கோபுரம் என்று ஊர் அழைப்பது அதைத்தான். அதற்கும் இடப்புறம், வடகிழக்கில் யானைமலை. திரும்பிப் பார்த்தால் மேற்கே நாகமலை, தென்மேற்கே பசுமலையும் திருப்பரங்குன்றமும். மழை பெய்து காற்றுத் தெளிந்த நாளில் வடக்கே அழகர்மலையும் புலப்படும். உணவகங்கள் மெனு அட்டையின் பின்பக்கம் இதை ஒரு கோட்டுப் படமாக அச்சிட்டுக் கொடுக்கலாம். கேட்கிறவர்களுக்குச் சொல்லப் பெரும்பாலான சப்ளையர்களுக்குத் தெரிவதில்லை.

மதுரையில் சூரியன் மறையும் நேரம் நவம்பர் கடைசியில் 6 மணிக்குச் சற்று முன், ஜூலைத் தொடக்கத்தில் 6.40ஐ ஒட்டி. மறைந்த பிறகு இருபது நிமிடங்கள் மட்டுமே வானத்தில் வெளிச்சம் இருக்கும். நம் ஊர் அந்தி குட்டையானது. கோபுர விளக்குகள் எரியத் தொடங்கி வானம் இன்னும் நீலமாக இருக்கும் அந்த இருபது நிமிடம்தான் நாளின் உச்சம். ஆகவே மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பே மேசையில் இருக்க வேண்டும். ஆறரை மணிக்கு மாடிக் கதவைத் திறக்கும் உணவகம் ஆண்டின் பெரும்பகுதி நாட்களில் அந்த இருபது நிமிடத்தில் ஒரு பகுதியையாவது தவறவிடுகிறது. ஐந்து மணிக்குத் திறந்து காபி, பஜ்ஜியோடு தொடங்கினால் என்ன நஷ்டம்?

இருட்டிய பிறகு காட்சியைக் கெடுப்பது உணவகத்தின் சொந்த விளக்குகளே. தலைக்கு மேல் வெள்ளை எல்இடி எரிந்தால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், வெளியே இருப்பதெல்லாம் கறுப்பாகிவிடும். கண்மட்டத்தில் தொங்கும் சீரியல் பல்புகளும் அப்படியே. கைப்பிடிச்சுவருக்கு மேல் கண்ணாடி வைத்த இடங்களில் கோபுரத்துக்குப் பதிலாகச் சாப்பிடுகிறவர்களின் முகமே தெரிகிறது. செய்ய வேண்டியது எளிது. மஞ்சள் நிற விளக்கு, அதாவது பெட்டியில் 2700கே என்று போட்டிருப்பது, மேசைக்கு ஒன்று, 3 வாட் போதும். மூடி போட்டுக் கீழ்நோக்கி மட்டும் எரியவிட வேண்டும். நடைபாதைக்கும் படிக்கட்டுக்கும் கணுக்கால் உயரத்தில் தனி விளக்கு. ஐப்பசி மழைக்குப் பிறகு வெள்ளை விளக்கைத் தேடி ஈசல் மொய்த்து இலையில் விழும்; மஞ்சள் விளக்குக்கு அந்தத் தொல்லையும் குறைவு.

கைப்பிடிச்சுவரில் ஒரு சிக்கல் உண்டு. சுவர் 1.2 மீட்டர் இருந்தால் உட்கார்ந்தவர் கண்ணுக்கு வீதி மறைந்துவிடும். இதற்காக மேசைகளை அரையடி, ஓரடி உயர மேடையில் ஏற்றிவிடுகிறார்கள். மேடை ஏறிய அளவுக்குச் சுவர் தாழ்ந்துவிட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஓரடி மேடையில் நிற்கும் குழந்தைக்கு 1 மீட்டர் சுவர் 70 சென்டிமீட்டர்தான். மேடை போட்டால் மேடைத் தளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டருக்குக் கம்பித் தடுப்பு வேண்டும். கம்பிகள் நிமிர்ந்தவையாக, இடையில் 10 சென்டிமீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். படுக்கைக் கம்பியில் குழந்தைகள் ஏறிவிடுவார்கள்.

அதைவிடப் பெரியது பாரம். ஆட்கள் நடமாடும் சாதாரண மொட்டைமாடிக்குக் கட்டுமான நெறிமுறை எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ. உணவகத் தளத்துக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் வேண்டும். ஓரடி ஆழத்துக்கு ஈரமண் நிரப்பிய செடித்தொட்டி மட்டுமே சதுர மீட்டருக்கு 500 கிலோ. ஆவணி மூல வீதி, மாசி வீதிப் பழைய வீடுகள் பலவற்றில் மேல்தளம் மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய மெட்ராஸ் டெரஸ். உத்திரத்தின் நுனி சுவருக்குள் செல்லும் இடத்தில்தான் ஈரம் தங்கி மரம் உளுக்கும். வெளியே எதுவும் தெரியாது. அமைப்புப் பொறியாளர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் அந்த மாடியில் ஒரு மேசைகூடப் போடக் கூடாது.

தீ விஷயத்தில் எந்த விட்டுக்கொடுப்பும் ஆகாது. கிராமத்துத் தோற்றம் வேண்டும் என்று மாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போடுகிறார்கள், தரையில் பிளாஸ்டிக் புல் விரிக்கிறார்கள், பக்கத்திலேயே சிலிண்டர் வைத்துத் தோசை வார்க்கிறார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறித்த தீ, சமையலறையிலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவியதுதான். 2017 டிசம்பர் 29 அன்று மும்பை கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் பிடித்த தீயில் 14 பேர் இறந்தார்கள். மாடித் தீயில் புகை மேலே போய்விடும், பயமில்லை என்று நினைப்பது தவறு. கூரை எரிந்து தலைமேல் விழும், இறங்கும் ஒரே படிக்கட்டை நோக்கி எல்லாரும் ஓடுவார்கள். எனவே மாடியில் கீற்று, துணி, பிளாஸ்டிக் எதுவும் வேண்டாம். சிலிண்டர்கள் தரைத்தளத்தில் வெளிப்புறமாக இருக்கட்டும். மேலே அடுப்பு வேண்டுமானால் குழாய் மூலம் எரிவாயு, கைக்கெட்டும் தூரத்தில் அடைப்பு வால்வு. ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு படிக்கட்டுகள். சமையலறை வழியாகப் போகும் படியை இரண்டாவதாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. லிப்ட் இருக்கிறதே என்பார்கள். தீயின்போது அது வழி ஆகாது.

கூரையே இல்லாமல் எப்படி என்று கேட்கலாம். மாலை ஐந்தரைக்கு மேல் கூரைக்கு வேலை இல்லை. பகல் குடைகளையும் அப்போது மடக்கிவிட வேண்டும். ஆடிக்காற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் அடித்தால் 3 மீட்டர் குடையின் மேல் 50 கிலோ அளவுக்கு விசை விழும். காற்று மேற்கிலிருந்து வருவது மேற்குப்பக்க மாடிகளுக்கு வசதி: தடுப்பை முதுகுப்புறம் வைத்துவிடலாம், கோபுரம் மறையாது. தகரத் தடுப்பை விட ஓட்டை வலை நல்லது; தகரத்தைத் தாண்டும் காற்று சுழன்று மேசை மேலேயே இறங்கும்.

சித்திரை, வைகாசியில் தளம் பகலில் குடித்த வெப்பத்தை இரவு ஒன்பது மணி வரை உமிழும். தளத்தில் வெள்ளை ஓடு பதிப்பது நிரந்தரத் தீர்வு. அதுவரை, மாலை நாலரைக்குச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர் தெளித்தால் போதும். அதுவே ஆறரைக்குத் தெளித்தால் விருந்தாளிகள் ஆவியில் உட்கார நேரும்.

உணவு பற்றி ஒன்றே ஒன்று. மூன்று மாடி ஏறி வரும் தோசை, மூடினால் நமுத்துப் போகும், திறந்தால் ஆறிப் போகும். தோசைக்கல் மேலே இல்லாத உணவகம் தோசையை மாடி மெனுவிலிருந்து எடுத்துவிடுவதே நேர்மை. இட்லி, பணியாரம், பரோட்டா சால்னா, தடிமனான கறிதோசை போன்றவை மூடிய பாத்திரத்தில் தாக்குப்பிடிக்கும். ஜிகர்தண்டாவுக்குப் பிரச்சினையே இல்லை. வாழையிலையை மேசையில் விரித்தால் காற்று தூக்கும், விளிம்புள்ள தட்டுக்குள் வெட்டிப் போட்டால் நிற்கும். சாப்பாட்டுக் கழிவு மழைநீர்க் குழாயில் இறங்காமல் வாயில் சல்லடை வைத்து, புரட்டாசிக்கு முன்பே சுத்தம் செய்துவிட வேண்டும். 100 சதுர மீட்டர் மாடியில் 5 சென்டிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர் தண்ணீர். குழாய் அடைத்தால் அத்தனையும் தளத்தின் மேல் நிற்கும்.

ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணியோடு சட்டமே முற்றுப்புள்ளி வைக்கிறது. அதற்கு முன்பும், கீழே குடியிருப்பவர்களின் ஜன்னல்கள் திறந்திருக்கும் வீதிகள் இவை என்பதை நினைவில் வைத்தால் நல்லது.

மாநகராட்சிக்கு ஒரு கோரிக்கை. மாடி உணவகத்துக்குத் தொழில் உரிமம் கொடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் நான்கு விஷயங்களை நேரில் பார்த்து எழுத வேண்டும்: தளத்துக்கான பொறியாளர் சான்று, இரண்டாவது படிக்கட்டு, சிலிண்டர் இருக்குமிடம், கூரைப் பொருள். அதே பயணத்தில், அனுமதியில்லாமல் மாடிக்கு மேல் எழுப்பிய தகரக் கொட்டகையும் விளம்பரப் பலகைச் சட்டமும் 9 மீட்டரைத் தாண்டுகிறதா என்று நாடா பிடித்து அளக்க வேண்டும். சித்திரைத் திருவிழாக் கூட்டம் வருவதற்கு முன்பே, பங்குனிக்குள் இதை முடிப்பது உசிதம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை