மலேசியா போகிறவர்கள் சொந்தங்களையும் பார்த்து வரட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளித் தேர்வு முடியும் நேரம் வந்துவிட்டால் உங்கள் பத்திரிகையில் மலேசியா, சிங்கப்பூர் சுற்றுலா விளம்பரங்கள் நிறைய வருகின்றன. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவில் தங்கலாம் என்று ஆன பிறகு, எங்கள் பெரம்பூரிலேயே போய் வந்தவர்கள் பலர். இரட்டைக் கோபுரம், கெந்திங், பத்துமலை பார்த்துவிட்டு சாக்லேட் பெட்டிகளோடு திரும்புகிறார்கள். அவர்களில் சிலருக்காவது அந்த நாட்டில் ரத்த சொந்தம் இருக்கும். தேடிப் பார்க்கவேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பூர்வீகம் செய்யாறு பக்கம். என் தாத்தாவின் தம்பிகள் இரண்டு பேர், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் ஒரு கங்காணியோடு மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனார்கள். 1938இல் அன்றைய இந்திய அரசு தோட்டங்களுக்குக் கூலியாட்கள் போவதைத் தடுத்ததற்குச் சில வருடங்கள் முந்தைய கதை இது. கப்பல் ஏறப் போகிறவர்களைத் தங்க வைக்க அப்போது ஆவடியில் ஒரு முகாம் இருந்தது. இன்று தினமும் ஆவடி வழியாக ரயிலில் போகும் எத்தனையோ பேருடைய தாத்தா அந்த முகாமில் படுத்து எழுந்தவராக இருக்கலாம்.

பெரிய தம்பியிடமிருந்து வெகுகாலம் கடிதம் வந்துகொண்டிருந்தது. ஊர்க்காரர் யாராவது ரஜூலா கப்பலில் வந்தால் துணிமணியும் கொடுத்து அனுப்புவார். 1926இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகள் வரை ஓடியது. அப்புறம் வந்த சிதம்பரம் கப்பலும் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு போய்விட்டது. விமானத்தில் வந்து போகத் தோட்டத்துச் சனங்களுக்கு வசதி ஏது? கடிதம் எழுதிய பெரியவர்களும் ஒவ்வொருவராகக் காலமானார்கள். கடைசியாக வந்த ஏரோகிராமில் ஈப்போவுக்கு அருகே உள்ள சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் இருந்தது. ஈப்போவில் வேலை பார்க்கும் என் மகனின் நண்பர் அந்தப் பகுதி மாரியம்மன் கோயிலில் போய் விசாரித்தார். திருவிழா வரி கட்டும் குடும்பங்களில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம்தான். ஸ்டேஷனுக்கே, பெரிய தம்பியின் மகளான என் அத்தையின் மகன் வந்து நின்று, "வாங்க மச்சான்" என்று என் மனைவி கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அதுவரை போனில் மட்டுமே பேசியவர்.

அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. தாத்தாவின் சின்னத் தம்பி பற்றி அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. கப்பல் ஏறிப் போனவர் காசும் அனுப்பவில்லை, கடிதமும் போடவில்லை, அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நம்மை மறந்துவிட்டார் என்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு. என் பாட்டி சாகும்வரை அவரை ஏசிக்கொண்டிருந்தார். உண்மை என்னவென்றால், 1943இல் ஜப்பான்காரர்கள் அவரை சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டருக்குக் காட்டை அழித்துப் போட்ட மரண ரயில் பாதை அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே செத்தார்கள். காலரா வந்த முகாமில் அவரும் போய்விட்டார் என்று, கூடப் போய்த் திரும்பிய ஒருவர் அத்தையின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதை எழுதிய கடிதம் போர்க்காலத்தில் வழியிலேயே தொலைந்ததோ என்னவோ, இங்கே வந்து சேரவேயில்லை. திருமணம்கூட ஆகாத அந்த மனிதருக்கு நாங்கள் ஒரு திதி கொடுத்ததில்லை. போன ஆடி அமாவாசைக்குத்தான் என் தம்பி முதல்முறையாகக் கொடுத்தான்.

அவர்கள் எங்களிடம் கேட்டதெல்லாம் குலதெய்வத்தின் பெயரும் ஊர்ப் பெயரும்தான். பழைய அடையாளப் பத்திரத்தில் ஊர்ப் பெயரை ஒரு வெள்ளைக்கார அதிகாரி தப்பும் தவறுமாக எழுதி வைத்திருந்ததால், எந்த வரைபடத்திலும் அவர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. நாங்கள் கொண்டுபோன அம்மன் கோயில் படத்தை அத்தையின் பேத்தி உடனே தன் போனில் ஏற்றிக்கொண்டாள்.

ஊர் சுற்றியும் பார்த்தோம். பத்துமலையின் 272 படியும் ஏறினோம். ஆனால் மச்சான் கூட்டிப்போய்க் காட்டிய இடங்கள் எந்த விளம்பரத்திலும் இல்லை. பத்து காஜாவில் ஸ்காட்லாந்துக்காரர் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றுபோன மாளிகை இருக்கிறது. கட்டியவர்கள் நம் சென்னை மாகாணத்து ஆட்கள். விஷக்காய்ச்சலில் அவர்கள் பலர் இறந்தபோது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்மித் பக்கத்திலேயே ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார். கோயில் மேலுள்ள சாமி சிலைகளுக்கு நடுவில் அவர் உருவத்தையும் வைத்திருக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில், மலேசிய அமைச்சராக இருந்த தமிழர் தலைவர் சம்பந்தன் முன்னின்று எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையையும் பார்த்தோம். தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதால் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960இல் அவர்களிடமே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களை வாங்கியவர் அவர். அத்தையின் கணவரும் அதில் பங்கு போட்டவர்.

போக நினைப்பவர்கள் பழைய கடிதம், உறை, போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஊர், தாலுகா, குலதெய்வம், போனவரின் அப்பா பெயர் ஆகியவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். சனி, ஞாயிறாகப் பார்த்துப் போங்கள், மற்ற நாட்களில் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். இணையத்தில் நிரப்பும் மலேசிய வருகை அட்டையைப் போவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் முடித்துவிடுங்கள்.

ஆசிரியர் அவர்களே, வாரம் ஒரு கால் பக்கமாவது இப்படிச் சொந்தங்களைத் தேடுகிறவர்களுக்கு நீங்கள் ஒதுக்கவேண்டும். மலேசியாவுக்கு மட்டும் என்றில்லை. வியாசர்பாடியில் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு யாங்கோனில் சொந்தம் உண்டு. இலங்கை மலையகத்திலும் மொரீஷியஸிலும் அப்படித்தான். ஜனவரியில் சென்னையில் நடக்கும் அயலகத் தமிழர் தின விழாவில், ஊரைத் தேடி வருகிறவர்களுக்கென அரசு ஒரு மேசை போட்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்து ஆட்களையும் அங்கே உட்கார வைக்கலாம். எங்கள் தெருவிலேயே சில குடும்பங்கள் பெயரும் ஊரும் எழுதிக் கொடுக்கத் தயாராக இருக்கின்றன. எங்கே கொடுக்கலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
பெரம்பூர், சென்னை - 11