அரை உருண்டை

பாலக்கோடு,
மாசி 5

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். இவருக்குக் காய்ச்சல், அப்புறம் நாத்தனார் பெண் கல்யாணம் என்று தள்ளிக்கொண்டே போய்விட்டது. கோபித்துக்கொள்ளாதே. பேரன் குப்புற விழ ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். இனி கட்டிலில் தனியாக விடாதே. அவன் அம்மா அந்த வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து உருண்டது உனக்கு மறந்திருக்காது.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. தக்காளி விலை மறுபடி பாதாளத்துக்குப் போய்விட்டது. மண்டிக்குக் கொண்டுபோகிற வண்டி வாடகைக்கே கட்டவில்லை என்று தெருக்கோடித் தோட்டக்காரர் கூடை கூடையாக மாட்டுக்குக் கொட்டினார். போகிற வழியில் எனக்கும் ஒரு கூடை. தினமும் தக்காளி ரசம்தான்.

கல்யாணம் என்றேனே, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். எப்படி இளைத்தாய் என்று நீ கேட்டதற்கும் அதில் பதில் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் மண்டபம். காலை டிபனுக்குப் பூரி, ரவா கேசரி, ரவா கிச்சடி, இட்லி. இட்லியைத் தவிர எதுவும் எனக்கு ஆகாது. அதற்கு ஊற்றுகிற சாம்பாரிலும் என்ன பெருங்காயம் போட்டார்களோ என்று சந்தேகம். பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்தேன். உள்ளே அரை உருண்டை ராகிக் களி, பக்கத்தில் கடைந்த கீரை. பக்கத்து இலைக்கார அம்மா எட்டிப் பார்த்து, "கல்யாண வீட்டுல களியாங்க? சுகரா?" என்றார். "சுகர் இல்லைங்க, கோதுமை ஆகாது" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ராத்திரிக்கு மட்டும் ரெண்டு சப்பாத்தி எடுத்துக்குங்க, உடம்பும் இளைக்கும்" என்றாரே பார்க்கணும்!

உனக்கு முழுக் கதையும் தெரியாது. ஐந்தாறு வருஷம் எனக்கு ரத்தசோகை என்றே வைத்தியம் பார்த்தார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் இரும்புச்சத்து மாத்திரை, இன்னொன்றில் ஊசி. ரத்தம் ஏறுவேனா என்றது. வயிறு எப்போது பார்த்தாலும் உப்புசம். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா ரத்தத்தில் தனியாக ஒரு டெஸ்ட் எடுத்து, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து, சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து, சீலியாக் என்று பேர் சொன்னார். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பே என் குடலின் உள்சுவரை எதிரி மாதிரி தாக்குகிறதாம். அதனால் தின்கிற சத்து உடம்பில் ஒட்டாது. வடக்கே இது அதிகம், நம் பக்கம் அபூர்வம். யாருக்கும் தோன்றாததில் ஆச்சரியமில்லை. ஆயுசுக்கும் கோதுமையைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

விட்டேன். ஆறே மாதத்தில் ரத்தம் ஏறியது, தெம்பு வந்தது, கூடவே எடையும் வந்தது. குடல் ஆறியதும் தின்றதெல்லாம் உடம்பில் சேர ஆரம்பித்துவிட்டது. நானோ அளவைக் குறைக்கவே இல்லை. 64 கிலோ இருந்தவள் 79க்குப் போனேன். ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு என்று வந்தது. முன்னே சத்து ஒட்டவில்லை என்று அழுதவள், இப்போது ஒட்டுகிறதே என்று அழ வேண்டியதாயிற்று.

கோதுமையைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன? ராகி, சாமை, கம்பு, சோளம், அரிசி, கொள்ளு, அவரைக்கொட்டை, கீரை. நம் பாட்டிகள் சாப்பிட்டதேதான். அரிசிச்சோறு விருந்துக்கும் தீபாவளிக்கும்தான் என்றிருந்த ஊர் நம்முடையது. களி என்றால் முகம் சுளித்து வளர்ந்தவர்கள் நாம் இரண்டு பேரும். 2023இல் தர்மபுரிக்கும் நீலகிரிக்கும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகி கொடுக்க ஆரம்பித்தபோது, வரிசையில் நின்று வாங்கி வந்து, "இனி பாட்டி மாதிரி நானும் ஒல்லியாகிவிடுவேன்" என்று இவரிடம் சொன்னேன். பாட்டி மாதிரியே இரண்டு உருண்டையும் தின்றேன். மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் ஒரு கிலோ கூடியிருந்தது!

ராகி மேல் குற்றமில்லை. 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரி, ராகியில் 320. பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. ராகியில் நார்ச்சத்து அரிசியைப் போல மூன்று மடங்குக்கு மேல், கால்சியம் 340 மில்லிகிராமுக்கு மேல். பசி தாங்கும், எலும்புக்கு நல்லது, அவ்வளவுதான். பாட்டி விடியலில் களி தின்றுவிட்டுப் போனால் பொழுது சாயும் வரை குனிந்து நிலக்கடலைச் செடி பிடுங்கினவள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள். தட்டு அவளுடையதாக இருக்கலாம், அளவு எப்படி அவளுடையதாக இருக்கும்? இது புரிய எனக்கு ஒரு கிலோ செலவானது.

அதிலிருந்து அரை உருண்டை. மாவு அளந்தால் 60 கிராம் வரும். குறைந்த களியின் இடத்தைக் கீரையும் கொள்ளும் பிடித்துக்கொண்டன. களி கிண்டுவதும் கொஞ்சம் மாறிவிட்டது. அம்மா நொய்யரிசியை வேகவிட்டு அதன் மேல் மாவைக் கொட்டுவாள். நான் நொய்க்குப் பதில் சாமை போடுகிறேன். கடையில் வெள்ளை வெளேரென்று தீட்டி வைத்திருக்கிற சாமையை வாங்காதே, தவிடெல்லாம் போய்விட்டது அது. கொஞ்சம் மங்கிய நிறத்தில் இருப்பதைக் கேள். மாவை மலை மாதிரி குவித்து, நடுவில் துடுப்பால் ஒரு குழி. குழி வழியாகத் தண்ணீர் கொப்பளித்து மேலே வரும். மாவு வெந்த வாசம் வந்ததும் கவைக்கோலால் பானையை அழுத்திக்கொண்டு கிண்டினால் பத்து நிமிஷத்தில் தோள்பட்டை கழன்றுவிடும். ஈரத் தட்டில் கொட்டி, கையை நனைத்து நனைத்து உருட்ட வேண்டும். அந்தச் சூடு தெரியுமில்லையா, உள்ளங்கை சிவந்துபோகும்.

ஒரு பழக்கத்தை மட்டும் நான் மீறிவிட்டேன். களியை மெல்லக் கூடாது, குழம்பில் தொட்டு விழுங்க வேண்டும் என்பார்களே, அப்படி விழுங்கினால் ஐந்தே நிமிஷத்தில் தட்டு காலி. வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போக இருபது நிமிஷம் ஆகுமாம். அதனால் சின்னச் சின்னதாக எடுத்து மென்று தின்கிறேன். மாமியார் உயிரோடு இருந்தால் அடித்திருப்பார்.

மாவு அரைப்பதுதான் பெரிய பாடு. மில்லில் எனக்கு முன்னால் யாராவது கோதுமை அரைத்திருந்தால் கல்லில் ஒட்டியிருக்கிற மாவே எனக்குப் போதும், ஒரு வாரம் வயிறு கலக்கும். முதலில் ஒரு கிலோ பச்சரிசியை விட்டுக் கல்லைக் கழுவினாற்போல் செய்து பார்த்தேன். அந்த மாவு பக்கத்து வீட்டுக்குக் கோலத்துக்குப் போகும். அப்படியும் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன். இப்போது மாதம் ஒரு தரம் கல் கொத்துகிற நாள் பார்த்து, மறுநாள் காலை கடை திறக்கும்போதே வாசலில் நிற்கிறேன். "டீச்சர் வந்துட்டாங்க, கோதுமைய ஓரமா வை" என்று மில்காரர் பையனிடம் சொல்வார். ஊரில் எனக்கு இப்படி ஒரு மரியாதை.

கடைச் சரக்கில் கோதுமை ஒளிந்திருக்கிற இடங்களைச் சொன்னால் சிரிப்பாய். ராகி சேமியா என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும், பின்பக்கம் பொடி எழுத்தில் கோதுமை மாவு. ராகி பிஸ்கட் முக்கால்வாசி மைதா. இவர் ஆசையாக வாங்கி வந்த சத்துமாவில் கோதுமை, பாலில் கலக்கிற மால்ட் பவுடரில் பார்லி. பெருங்காயத்தில்கூடப் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்துதான் கட்டி பிடிக்கிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்தியதில் ஒரு லாபம்: பாக்கெட் தீனி வீட்டுக்குள் வருவதே நின்றுபோனது. எடை குறைந்ததில் பாதிப் பங்கு அதற்குத்தான் என்பது என் கணக்கு.

மீதிப் பாதி எண்ணெய். முன்பு இரண்டு பேருக்கு மாதம் இரண்டரை லிட்டர் ஆகும். இப்போது ஒன்றாம் தேதி ஒரு லிட்டர் பாட்டில் திறந்தால் மாதக் கடைசி வரை அதுதான். கொள்ளை வறுத்து வேகவைத்து, பூண்டும் சீரகமும் வரமிளகாயும் சேர்த்து கடைகிறேன். கடுகு தாளிக்க ஒரு சின்னக் கரண்டி எண்ணெய் போதும். மார்கழி, தை இரண்டு மாதமும் பச்சை அவரைக்கொட்டைக் குழம்புதான். மதியம் ஒரு முட்டை. நாலு மணிப் பசிக்கு ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை, எண்ணி வைத்துக்கொண்டு. கடலை விஷயத்தில் கைப்பிடி என்றால் கைப்பிடிதான், பேச்சுவாக்கில் கை மறுபடி மறுபடி உள்ளே போனால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கலோரி சேர்ந்துவிடும். சாயங்காலம் ஏரிக்கரையில் முக்கால் மணி நடை. ஒன்பது மாதத்தில் 79லிருந்து 71. அந்த அம்மா சொன்ன சப்பாத்தி இல்லாமலே! இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 87. பெண்களுக்கு 80க்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், இன்னும் தூரம் இருக்கிறது. முதலில் கண்டுபிடித்தது ஜாக்கெட் தைக்கிறவர்தான். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தபோது, "இது உங்களுதாம்மா?" என்றார். அவருக்குக் கூலிக்கு மேல் இருபது ரூபாய் கொடுத்தேன்.

இப்போது உன் விஷயம். என்னைப் பார்த்து அப்படியே செய்யாதே. உனக்குக் கோதுமை விரோதியில்லை, விட வேண்டிய அவசியமும் இல்லை. உனக்கு இருப்பது சர்க்கரையும் போன வருஷம் எடுத்த சிறுநீரகக் கல்லும். நீ எழுதியபடி அது ஆக்சலேட் என்கிற உப்பு சேர்ந்த கல் என்றால் கீரை எல்லாமே நல்லது என்று இறங்கிவிடாதே. பாலக்கிலும் தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் அதிகம். ராகியிலும் இருக்கிறது. வேகவைத்த தண்ணீரை வடித்துவிட்டால் கொஞ்சம் குறையும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் மோர் குடி, அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளும். கல் இருக்கிறவர்கள் பால், மோரை நிறுத்த வேண்டும் என்று உன் சம்பந்தியம்மா சொன்னது தப்பு. கொள்ளுத் தண்ணீர் கல்லைக் கரைக்கும் என்பதையும் நான் நம்பவில்லை. கொள்ளைப் பருப்பு மாதிரி சாப்பிடு, தண்ணீரைத் தண்ணீராகவே நிறையக் குடி.

சர்க்கரைக்கு ராகிக் கஞ்சி குடிக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கரைத்துக் குடிக்கிற கஞ்சி சீக்கிரம் செரித்து சர்க்கரையை ஏற்றிவிடும். அதே மாவை அடையாகத் தட்டி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு மென்று தின்னு. ஒரு தடவை தின்று இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் குத்திப் பார், உனக்கே தெரியும். இன்னொன்று முக்கியம். நீ போடுகிற இரண்டு மாத்திரையில் கிளிமிபிரைடு இருக்கிறது. சாப்பாட்டைச் சட்டென்று குறைத்துவிட்டு அந்த மாத்திரையை அதே அளவில் போட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். களியைக் குறைக்கிற முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. வெட்கப்படாதே.

மாம்பழத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டாய். வைகாசியில் இங்கே தெருவெல்லாம் செந்தூரம் மணக்கும்போது வேண்டாம் என்று சொல்ல நான் சாமியார் இல்லை. சாப்பாட்டுக்கு மேல் தின்னாமல், பதினோரு மணிக்குத் தனியாகப் பாதிப் பழம். மீதிப் பாதி இவருக்கு. சண்டையில்லாமல் பங்கு போகிற ஒரே பொருள் வீட்டில் அதுதான். நெல்லிக்காய்க்கு அதியமான் ஊரில் தனி மரியாதை, ஆனால் தேன்நெல்லி என்று ஜாடியில் விற்கிறார்களே, அது முழுக்கச் சர்க்கரைப் பாகு. கொட்டைநெல்லிக்காயை உப்பு தொட்டுக் கடி, பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்றோமே, அந்த மாதிரி.

வருகிற செவ்வாய்க்கிழமை மில்லில் கல் கொத்துகிறார்கள். புதன் காலை முதல் ஆள் நான்தான். உனக்கும் இரண்டு கிலோ ராகி சேர்த்து அரைத்து வைக்கட்டுமா? இவருடைய தம்பி சனிக்கிழமை சென்னை பஸ் ஏறுகிறார், கையோடு கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல். திரும்பி வரும்போது காலி டப்பாவை அவரிடமே கொடுத்து அனுப்பு, போன தடவை அனுப்பிய இரண்டும் இன்னும் உன் வீட்டில்தான் இருக்கின்றன.

அன்புடன்,
கமலா