மூதாட்டி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை நடுப்பக்கக் கட்டுரையில் "முதியோர் பெருகுவது உழைக்கும் தலைமுறைக்குப் பெரும் சுமை" என்று ஒரு வரி. கையிலிருந்த காபி ஆறிப்போனதுதான் மிச்சம். எழுதிய தம்பி கட்டுரை எழுதிய நேரத்தில் அவர் வீட்டுக் குழந்தைக்குச் சோறு ஊட்டியது யார் என்று விசாரித்துச் சொல்லுங்கள். பாட்டியாகத்தான் இருக்கும்.

நான் 1978-இல் ஏ.என்.எம்., அதாவது கிராமத் துணைச் செவிலியராகச் சேர்ந்து 2014-இல் ஓய்வு பெற்றவள். அந்தக் காலத்தில் சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம், "நாம் இருவர் நமக்கு இருவர்". மார்ச் நெருங்கினால் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. இத்தனை பேரை ஆபரேஷனுக்கு அழைத்து வர வேண்டும் என்று டார்கெட்! கேஸ் பிடிக்காவிட்டால் இன்கிரிமென்ட் நிற்கும் என்பார்கள். 1996-இல்தான் அதை எடுத்தார்கள். அதுவரை வரப்பில் நடந்து, மாமியார்களிடம் வசவு வாங்கி, பெண்களை ஆபரேஷனுக்கு அழைத்துப் போனவள் நான். எனக்கும் ஒரே பையன்தான், ஓசூரில் இருக்கிறான். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நான் நாலு பெற முடியுமா?

உள்ளதைச் சொன்னால், எங்கள் பேச்சினால் மட்டும் பிறப்பு குறைந்துவிடவில்லை. ஆறு பெற்றால் மூன்று தங்கும் என்றிருந்தபோது யார் ஆபரேஷனுக்கு வருவார்கள்? தடுப்பூசி வந்தது, 1982-இல் சத்துணவு வந்தது, பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாண வயது தள்ளிப்போனது. பெற்றது தங்கும் என்று தெரிந்ததும் ஜனங்கள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, ஜனத்தொகை குறையாமல் தலைமுறை ஈடாக 2.1 வேண்டும். 2011 கணக்கெடுப்பிலேயே நம்மில் பத்தில் ஒருவர் அறுபதைத் தொட்டாயிற்று. உங்களுக்குத் தெரியாததா? நேற்றுவரை சாதனை என்று நீங்களே எழுதியதுதான். இன்று சுமையாகிவிட்டது. 2024 அக்டோபரில் ஆந்திராவில் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பெறச் சொன்னார். அதே சமயத்தில் இங்கே ஸ்டாலின் கல்யாண மேடையில் பதினாறு பெற்றால் என்ன என்று வேடிக்கையாகக் கேட்டார். ஜனத்தொகை குறைந்தால் நாடாளுமன்றத் தொகுதி குறைந்துவிடுமாம். நான் வாங்கிய வசவுகளை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

1986-இல் நான் அழைத்துப் போன ஒரு அம்மா பின்தெருவில் இருக்கிறார். ஒரு மகன் சிங்கப்பூர், இன்னொருவன் திருப்பூர். போன மாதம் ரேஷன் கடையில் அவருக்கு விரல் ரேகை விழவில்லை. நாற்பது வருஷம் நாற்று நட்டு, களை பறித்த விரல், எங்கே விழும்? சேலைத் தலைப்பில் துடைத்தார். தலையில் தேய்த்து எண்ணெய் தொட்டு வைத்தார். பத்து விரலும் ஆயிற்று. "நாளைக்கு வாங்க பாட்டி" என்றார் கடைக்காரர். வெறும் பையை மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "ரெண்டு போதும்னீங்க நர்சம்மா. ரெண்டும் போயிருச்சு." குற்றம் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

சுமை என்கிறீர்களே, எங்களுக்காக யார் என்ன சுமந்தார்கள்? ரயிலில் பெண்களுக்கு 58 வயதிலிருந்து பாதிக் கட்டணம், ஆண்களுக்கு 60-லிருந்து 40 சதவீதம் சலுகை. 2020 மார்ச்சில் கொரோனா என்று நிறுத்தினார்கள். கொரோனா போயிற்று, சலுகை வரவில்லை. முதியோர் உதவித்தொகையில் 80 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மத்திய அரசின் பங்கு 2007-இலிருந்து அதே 200 ரூபாய். மாநில அரசு கூடப் போட்டு 2023-இல் 1,200 ஆக்கியதால் அந்த அம்மாவுக்கு மாத்திரையாவது ஓடுகிறது.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன். 58 வயதுப் பெண் கீழே விழுந்தால் உங்கள் பேப்பரில் "மூதாட்டி காயம்". அடுத்த பக்கத்திலேயே அறுபதைத் தாண்டிய நடிகர், நாயகன். அந்தக் கண்ணாடியை எங்களுக்கும் கொஞ்சம் இரவல் தரக்கூடாதா?

சரி, கேட்க வந்தது இதுதான். எங்கள் ஊர் வங்கிக்கு ஏழு படி, கைப்பிடி கிடையாது. பென்ஷன் எடுக்கப் போய் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி ஓடி வந்து கை கொடுத்தார். மூன்று முறை மனு எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. மாவட்டப் பக்கத்தில் அந்தப் படியின் படம் ஒன்று போட்டால் போதும். மாதம் முதல் வாரம், காலை பதினோரு மணிக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். படம் பிடிக்க ஆள் தேட வேண்டியிருக்காது, வரிசையில் நின்றுகொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.